இராபர்ட் லோவலின் கவிதையும் நோயின் நெடும்போக்கும்

1. தோற்றுவாய்

புலவனது உளநோய்க்கும் அவன் புலமைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா, மேலைநாட்டுத் திறனாய்வில் நெடுங்காலமாக நிலவி வருவது. இதற்கு இருவகை விடைகள் பெருவழக்காக உள்ளன. நோயே கவிதையின் ஊற்று என்பர் ஒரு சாரார். நோய் அறிவை நாளடைவில் அரித்துவிடும், ஆதலின் பிற்காலப் படைப்புகள் தளர்ச்சியையே காட்டும் என்பர் மற்றொரு சாரார். இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஒரு குறையைப் பொதுவாக உடையன. புலவனின் வாழ்நாள் முழுவதையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுதல் அக்குறை. அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் லோவலின் (1917-1977) வாழ்வையும் நூல்களையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய முற்படுகின்றோம்.

லோவலை எடுத்துக்கொண்டதற்குக் காரணங்கள் உள. அவருடைய நோய் 1949ஆம் ஆண்டு முதல் இறுதிக்காலம் வரை தொடர்ந்தது. அவருடைய நூல்கள் அவ்வாண்டுகளின் ஊடே முறையாக வெளிவந்தமையால் காலவரிசை தெளிவாக உள்ளது. இவற்றிற்கு மேலாக, உளநூற் பேராசிரியர் கே ரெட்ஃபீல்டு ஜாமிசன் 2017இல் லோவலைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். கவிஞரின் மகள் இசைவு தந்தமையால் மருத்துவமனைக் குறிப்புகளையும் பார்த்து எழுதப்பெற்ற நூல் அது. எனவே ஊகத்தை விடுத்துச் சான்றின்வழி நடத்தற்கு இங்கு இடமுண்டு.

2. சொல் வரையறை

ஆங்கிலத்தில் பைபோலார் என வழங்கும் நோயை இருமுனை நோய் எனக் குறிக்கின்றோம். அதன் ஒரு முனை மேனியா எனப்படும் மிகையெழுச்சி. மற்றொரு முனை மனச்சோர்வு. மிகையெழுச்சியைப் பித்து என மொழிபெயர்ப்பாரும் உளர். அச்சொல்லை யாம் வேண்டுமென்றே விலக்கினோம். தமிழிற் பித்து என்பது நோயை மட்டும் குறிப்பதன்று; அன்பின் மிகுதியையும் இறைவன்பால் ஈடுபாட்டையும் உடன் குறிப்பது. சுந்தரர் தேவாரம் இறைவனைப் பித்தன் என விளித்தே தொடங்குகின்றது. இத்தகைய சொல்லை நோய்க்கு இடின், ஆராய்ச்சி தொடங்கு முன்னரே நோய்க்குப் பெருமை ஏறிவிடும். உறக்கமின்மையும் கட்டற்ற பேச்சும் தன் ஆற்றல்பற்றிய மயக்கமும் கொண்டு, இல்லத்தாரையும் நண்பரையும் வருத்தி, மருத்துவமனையிற் கொண்டு சேர்ப்பதாகிய நிலைக்கு அப்பெருமை பொருந்தாது.

3. நோயின் நெடும்போக்கு

செர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின், 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், பெரிய உளநோய்களை இரண்டாகப் பகுத்தார். அவர் கொண்ட அளவுகோல் நோயின் தோற்றம் மட்டுமன்று. போக்கும் முடிவும் ஆகும். ஒன்று அறிவழிவை நோக்கிச் செல்வது. மற்றொன்று வந்து வந்து தணிவது, தணிந்தபின் அறிவைப் பெரும்பாலும் பழைய நிலையில் விடுவது. இப்பின்னதே பின்னர் 1957இல் கார்ல் லியோன்ஹார்டின் பகுப்பாலும், 1966இல் ஆங்ஸ்ட், பெர்ரிஸ் ஆகியோர் தனித்தனியே செய்த ஆய்வுகளாலும் ஒருமுனை, இருமுனை எனப் பிரிக்கப்பட்டது. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் வகைப்பாட்டு நூலும் இருமுனை என்னும் பெயரை ஏற்றது.

கிரெப்பலினின் பகுப்பு இலக்கிய மாணவர்க்கு ஒரு பாடமாகும். ஒரு காதையைக் கொண்டு காப்பியத்தை அளத்தல் கூடாது என்பதுபோல, ஒரு நோய்வரவைக் கொண்டு நோயை அளத்தல் கூடாது என்றார் அவர். ஆயின், இடைக்காலத்தில் நோயாளி முற்றும் நலமுறுகின்றார் என்னும் அவர் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் திருத்தின. லூயிஸ் ஜட் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இருமுனை நோயின் முதல் வகையினர் 146 பேர் சராசரியாக 12.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவ்வாண்டுகளின் வாரங்களுள் ஏறத்தாழப் பாதியில் அவர்கட்கு யாதேனும் நோய்க்குறி இருந்தது. மனச்சோர்வுக் குறிகள் நின்றவை நூற்றுக்கு ஏறத்தாழ 32 வாரங்கள். மிகையெழுச்சிக் குறிகள் நின்றவை ஏறத்தாழ 9 வாரங்களே.

இக்கணக்குத் திறனாய்வாளர் கருத்தூன்றத் தக்கது. கவிஞர் வரலாறுகள் மிகையெழுச்சியையே விரித்துரைக்கின்றன. ஏனெனில் அது நிகழ்ச்சி நிறைந்தது, கதையாகச் சொல்லத் தகுவது. சோர்வோ நிகழ்ச்சியற்றது, பல திங்கள் நீள்வது, பிறர் கண்ணிற்படாதது. எனவே நோயின் பெரும்பகுதி வரலாற்றில் எழுதப்படாமற் போகின்றது. சிறுபகுதியே நோயின் முழுவடிவமாகக் காட்டப்படுகின்றது.

4. அறிதிறனைப்பற்றி அறியப்பட்டவை

நோய் தணிந்த இடைக்காலத்திலும் கவனம், சொல்நினைவு, சிந்தனை விரைவு, திட்டமிட்டுச் செயலை நடத்தும் ஆற்றல் ஆகியவற்றிற் பலர்க்குக் குறைவு காணப்படுகின்றது என்பது கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. எனினும் இக்குறைவு எல்லார்க்கும் ஒத்ததன்று. ஒரு பகுதியினர் நலமுடையாரோடு ஒப்ப நிற்கின்றனர். ஒரு பகுதியினர்க்குச் சில திறன்களில் மட்டும் குறைவு. ஏனையோர்க்குப் பல திறன்களிலும் குறைவு. சராசரி ஒன்றைக் கூறித் தனியொருவரை அதனுள் அடக்குதல் தவறாகும்.

நோய்க்கு முந்திய நிலையும் அறியத்தக்கது. சுவீடன் நாட்டில் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவரின் பள்ளி மதிப்பெண்களைக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பின்னாளில் இந்நோய் தோன்றும் வாய்ப்பு நடுத்தர மாணவரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோர்க்கும் அவ்வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. ஆகவே திறன் மிக்கார் பலர் இந்நோய்க்கு ஆளாதல் உண்மையே. ஆயின் அத்திறன் நோய் வருமுன் இருந்தது என்பதே இவ்வாய்வின் பொருள். நோய் திறனைத் தந்தது என்று கொள்ளுதற்கு இதில் இடமில்லை.

இனி, ஆண்டு செல்லச் செல்ல அறிவு தேய்கின்றதா என்பது வினா. நாலைந்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் இடையறாத தேய்வைக் காட்டவில்லை. மற்றொருபுறம், டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவிற்கு நோய் மீளும் ஒவ்வொரு முறையும், பின்னாளில் மறதிநோய் வரும் வீதம் இருமுனை நோயாளரிடத்து 6 விழுக்காடு அளவிற் கூடும் போக்கினைக் கண்டது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், குறுகிய காலத்திற் பலர் நிலையாக நிற்கின்றனர் என்பதும், நோய்வரவுகள் மிகுதல் தீங்கிற்கு அறிகுறியாகலாம் என்பதும் புலனாகும். மீள்வரவைத் தடுத்தலே அறிவைக் காக்கும் வழி என்று மருத்துவர் வற்புறுத்துதல் இதனாலேயாம்.

5. லோவலின் ஆண்டுகள்

லோவல் 1946இல் வெளியிட்ட இரண்டாம் நூலுக்கு 1947இல் புலிட்சர் பரிசு பெற்றார். அப்போது அவர்க்கு முப்பது வயது. மிகையெழுச்சியால் மருத்துவமனை புகுந்தது 1949இல். எனவே முதற்பெரும் புகழ் நோய் வெளிப்படு முன்னரே வந்துவிட்டது. நோயே ஊற்று என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதே 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் உப்பு மிகையெழுச்சியைத் தணிக்கின்றது என அறிவித்தார். 1954இல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கோவும் அவர் துணைவரும் அதனை முறையாகச் சோதித்தனர். ஆயினும் அம்மருந்து லோவலை வந்தடைய 18 ஆண்டுகள் ஆயின. 1967இல் அவர் அதனை உட்கொள்ளத் தொடங்கினார். அமெரிக்க அரசு மருந்தாக ஏற்றதோ 1970இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பன்முறை மருத்துவமனை புகுந்தார். அதே ஆண்டுகளில்தான் 'வாழ்க்கை ஆய்வுகள்' (1959), 'ஒன்றியத்தின் இறந்தோர்க்கு' (1964) என்று பொருள்படும் இரு நூல்களும் தோன்றின. அவர் பெயரை இன்று நிலைநிறுத்துவன பெரிதும் இவையே. நோய் அறிவை இடையறாது அரிக்கும் என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாற்றான் இரு கூற்றுகளும் காலவரிசை ஒன்றினாலேயே தளர்கின்றன.

6. கூற்றும் ஆக்கமும்

'வாழ்க்கை ஆய்வுகள்' வெளிவந்தபோது எம். எல். ரோசெந்தால் என்னும் திறனாய்வாளர் அதனை ஒப்புதல்மொழிக் கவிதை என்று பெயரிட்டார். அப்பெயர் நிலைத்துவிட்டது, அதனால் விளைந்த மயக்கமும் நிலைத்துவிட்டது. கவிதையிற் பேசுவோனும் கவிதையை ஆக்கியோனும் ஒருவரே என்னும் மயக்கம் அது. அகத்திணை மரபிற் பயின்ற தமிழ் மாணவர் இம்மயக்கத்திற்கு எளிதில் ஆளாகார். தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டாது கூற்றாகவே பாடுதல் அம்மரபு. வெள்ளிவீதியார் போன்ற சிலர் பாடல்களில் அவர் வாழ்வையே கண்ட உரைகாரரும் உளர். எனினும் கூற்று என்னும் கருத்து நம் கையைவிட்டு நீங்கியதில்லை. லோவல் தம் பெயரையும் குடும்பத்தையும் ஊரையும் கவிதையில் வைத்தார். ஆதலின் அகமரபு அவர்க்கு முழுவதும் பொருந்தாது. ஆயினும் பேசும் குரல் வேறு, அக்குரலை அமைக்கும் அறிவு வேறு என்னும் வேறுபாடு இங்கும் வேண்டற்பாலதே.

அந்நூலின் இறுதிக் கவிதை 'ஸ்கங்க் நேரம்' என்பது. அதிற் பேசுவோன் இரவிற் காரோட்டிச் சென்று தன் மனம் நலமின்றி இருத்தலை உணர்கின்றான். இறுதியில் ஸ்கங்க் என்னும் சிறு விலங்கு தன் குட்டிகளோடு குப்பையில் இரை தேடி அஞ்சாது நிற்கின்றது. லோவல் இதனை 1957இன் கோடையில் எழுதத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் நோய் கடுமையாக மீண்டது. கவிதையைப் பின்னிருந்து முன்னாக ஆக்கியதாகவும், இருண்ட இறுதிப் பகுதி முதலிற் பிறந்ததாகவும், ஊரையும் மக்களையும் காட்டும் முற்பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகவும் அவரே ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். எலிசபெத் பிஷப்பின் ஒரு கவிதையை வடிவிற்கு முன்மாதிரியாகக் கொண்டதையும் மறைக்கவில்லை. மனம் நலமில்லை என்று கூறும் குரலைப் பின்னே நிறுத்தி, அதற்கு முன் ஓர் ஊரையே எழுப்பி, படிப்போனை அவ்விருளுக்கு மெல்ல அழைத்துச் செல்லத் திட்டமிட்ட அறிவு யாருடையது? அவ்வறிவை நோய்க்கு உரிமையாக்குதல் நேர்மையன்று.

'மூன்று திங்கள் கழித்து வீடு திரும்பல்' என்னும் கவிதை இன்னும் நுண்ணியது. மருத்துவமனையினின்று மீண்ட தந்தை தன் சிறுமகளோடு விளையாடுகின்றான். மழித்தலும் குளித்தலுமாகிய சிறு செயல்கள் நிகழ்கின்றன. வீட்டின் பின்புறப் பூஞ்செடிகளைச் சாளரத்தினின்று நோக்குகின்றான். இறுதியில் நலம்பெற்ற தான் முன்னைய தானினும் சுருங்கியவன் என உணர்கின்றான். மிகையெழுச்சியும் அன்று, கொடிய சோர்வும் அன்று. இரண்டும் நீங்கியபின் எஞ்சும் நிலை இது. இடைக்காலம் முழுநலம் அன்று என அறிவியல் அளந்து காட்டியது பிற்காலத்தில். கவிதை அதனை 1959இலேயே ஒரு வீட்டினுள் வைத்துக் காட்டிவிட்டது. ஆயின் இங்கும் எச்சரிக்கை வேண்டும். கவிதை அந்நிலையைக் காட்டுகின்றது, அளக்கவில்லை. சுருக்கத்தை இத்துணைச் சுருக்கமாகச் சொல்லவல்ல ஆக்கம் சுருங்கியதன்று.

7. பதினான்கடிப் பாக்களும் லித்தியமும்

லித்தியம் தொடங்கிய 1967 முதல் லோவல் எதுகையற்ற பதினான்கடிப் பாக்களை இடையறாது எழுதலானார். 1969இல் ஒரு குறிப்பேடாக அவை வெளிவந்தன. 1970இல் திருத்தியும் விரித்தும் மீண்டும் வெளிவந்தன. 1973இல் பிரித்தும் மாற்றியும் புதியன சேர்த்தும் மூன்று நூல்களாயின. அவற்றுள் 'வரலாறு' என்னும் நூலில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாக்கள் உள. இவற்றின் தரம்பற்றித் திறனாய்வாளரிடை ஒருமைப்பாடு இல்லை. குறை கண்டோர் அக்குறைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்: மருந்து அறிவை மழுக்கியது, நோயின் நெடும்போக்கு அறிவைத் தேய்த்தது, தேர்ந்த வடிவம் எதனையும் ஏற்கும் பெட்டியாயிற்று.

முதற் காரணத்தை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. லித்தியம் சொல்நினைவு முதலியவற்றைச் சிறிதளவு தாழ்த்தும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜாமிசனும் இருமுனை நோயுடையவர். 1995இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மருந்தின் அளவு மிகுந்திருந்த பல ஆண்டுகள் தம்மால் ஆழ்ந்த நூல்களைப் படிக்க இயலாமற் போனதையும், அளவு குறைந்தபின் அத்திறன் மீண்டதையும் எழுதியுள்ளார். மருந்து தம் உயிரைக் காத்தது என்பதையும் அவரே வற்புறுத்துகின்றார். இச்சான்று மதிக்கத்தக்கது. ஆயின் அது அவர் உடலுக்கும் அவர் உண்ட அளவிற்கும் உரிய சான்று. லோவலுக்கு அதனை அப்படியே மாற்றுதல் பொருந்தாது.

முதலிரு காரணங்களுக்கும் எதிரே நிற்பது 1977இல் வெளிவந்த 'நாள்தோறும்' என்னும் இறுதி நூல். அதில் லோவல் பதினான்கடிப் பாவைக் கைவிட்டுக் கட்டற்ற யாப்பிற்கு மீண்டார். அந்நூலின் முடிவுரைக் கவிதை, தாம் எழுதுவன நிழற்படம்போல் உறைந்துவிட்டனவோ என ஐயுற்று, பின் கண்டதைப் பிழையின்றிச் சொல்லுதலே தம் வேண்டுகோள் எனத் தெளிகின்றது. மருந்து தொடங்கிப் பத்தாண்டு சென்றபின், 1970இலும் 1970களின் நடுவிலும் நோய் மீண்டு வந்து சென்றபின், தம் கலையின் குறையைத் தாமே ஆய்ந்து வடிவத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இருந்தது. மருந்தாலோ நோயாலோ யாதொரு இழப்பும் இல்லை என்று இதனால் நிறுவ இயலாது. ஆயின் பாக்களின் குறைக்கு வடிவத்தைக் காரணமாகக் காட்டுதல் சான்றோடு பொருந்துகின்றது. ஏனைய இரண்டும் சான்றுக்கு அப்பாற் செல்கின்றன. வடிவத்தின் குறையை வடிவத்தின் மொழியிற் சொல்லுதலே திறனாய்வாளன் கடமை.

8. ஜாமிசனின் நூல்

ஜாமிசனின் நூலிற் போற்றத்தக்கது, நோயையும் பண்பையும் அவர் வேறுபடுத்தியமை. மீண்டும் மீண்டும் வீழ்ந்தபின் எழுந்து எழுத்துமேசைக்குத் திரும்பிய உறுதி, நோயின் கொடை அன்று. அம்மனிதரின் பண்பு என அவர் காட்டுகின்றார். இயான் ஹாமில்டனின் 1982ஆம் ஆண்டு வரலாறு காட்டும் லோவலினும் இவர் நிறைவுடையவர்.

ஆயினும் இரண்டு குறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது. மிகையெழுச்சி கற்பனைக்கு ஊட்டமளித்தது என்னும் கருத்து அந்நூலின் ஊடுசரடாக ஓடுகின்றது. எழுதி வென்றவரையே எடுத்து ஆராயுமிடத்து இக்கருத்து உண்மைபோலவே தோன்றும். அதே நோயால் எழுத இயலாமற் போனவர் நூலகத்தில் இடம்பெறார். அவர்களை எண்ணாத கணக்கு நிறைவாகாது. இரண்டாவது, கவிதை வரிகள் சிலவிடங்களில் நோய்க்குறிப்பின் துணைச்சான்றாக நிற்கின்றன. மருத்துவக் குறிப்பு தன் காலத்தில் எழுதப்படுவது. கவிதை பன்முறை திருத்தப்படுவது. லோவலின் கையெழுத்துப் படிகள் ஹார்வர்டிலும் டெக்சாஸிலும் உள்ள நூலகங்களிற் கிடப்பன. திருத்தத்தின்மேல் திருத்தமாக அவர் உழைத்தமைக்கு அவை சான்று. அத்துணைத் திருத்தம் பெற்ற வரி, ஒரு நாளின் மனநிலைக்குச் சான்றாதல் அரிது.

9. பொறுப்புப் பற்றிய வினா

இவ்வாராய்ச்சியில் கலைக்கு அப்பாற்பட்ட வினா ஒன்றும் உண்டு. 1973இல் வந்த 'டால்பின்' என்னும் நூலில், மணமுறிவின்போது எலிசபெத் ஹார்ட்விக் எழுதிய கடிதங்களை லோவல் எடுத்தும் மாற்றியும் பாவாக்கினார். பிஷப் 1972இலேயே மடல் எழுதித் தடுத்தார். லோவல் சிலவற்றை மாற்றினாரேயன்றி நூலைக் கைவிடவில்லை. 1974இல் அந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2019இல் வெளிவந்த கடிதத் தொகுதி அக்காலத்து நிகழ்ச்சிகளை விளக்குகின்றது.

நோயாளியாதலின் பொறுத்தருளுக என்பார்க்கு யாம் கூறுவது: எச்சரிக்கையைக் கேட்டு, எண்ணி, திருத்தி, வெளியிட்டவர் அவர். இச்செயலில் தேர்ந்து முடிவெடுக்கும் அறிவு முழுவதும் காணப்படுகின்றது. அதனை நோயின்மேல் ஏற்றுதல் ஹார்ட்விக்கிற்கு இழைக்கும் அநீதி, லோவலுக்கும் அநீதியே. ஒருவரது பிழையை அவருடையது அன்று எனக் கூறின், அவரது வெற்றியையும் அவருடையது அன்று எனக் கூற நேரும்.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, இருமுனை நோயின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவது. அறிதிறன் இழப்பும் அவ்வாறே. ஆதலின் நோயின் பெயரைக் கொண்டு புலவனின் வளர்ச்சியையோ தேய்வையோ முன்கூட்டித் துணிதல் ஆகாது. இரண்டாவது, கவிதை நோயை எடுத்துரைக்கலாம். நோய்க்கு அளவுகோல் ஆகாது. மூன்றாவது, நோய் தணிந்த நாட்களே ஆக்கத்தின் நாட்கள் எனினும், அந்நாட்களும் சுமையற்றன அல்ல. அச்சுமையோடு செய்த வேலையே லோவலின் பெருமை.

இந்நோயுடையார் எழுத்தாளருள் மட்டுமன்றிக் கற்பாருள்ளும் கற்பிப்பாருள்ளும் உளர். நோயே உன் திறனுக்கு ஊற்று என அவர்க்குச் சொல்லின், மருந்தைக் கைவிடத் தூண்டியவராவோம். உன் அறிவு தேய்ந்தே தீரும் எனச் சொல்லின், முயற்சியைக் கைவிடத் தூண்டியவராவோம். இரண்டும் உண்மையல்ல என்பதை ஒரு கவிஞரின் முப்பதாண்டுகள் காட்டுகின்றன. திறனாய்வு இவ்விரண்டு பொய்களையும் பரப்பாதிருத்தல் வேண்டும்.